ராக் இசைக்குள் வந்த கடிகாரம்

குயீன் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 1973-ல் வந்தது. யார் யார் என்ன வாசித்தார்கள் என்ற விவரத்தோடு, சின்தசைசரை யாரும் வாசிக்கவில்லை என்றும் அதன் உறையில் ஒரு வரி அச்சிட்டிருந்தார்கள். அடுத்து வந்த ஆல்பங்களிலும் இந்த அறிவிப்பு தலைகாட்டியது. குழுவின் பிரையன் மே தன் கித்தாரை ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்குகள் பதிவு செய்வார். அவ்வளவு உழைத்ததைக் கேட்டுவிட்டு யாராவது மெஷின் வேலை என்று சொல்லிவிட்டால் கோபம் வரத்தானே செய்யும்? ஆனால் 1980-ல் வெளியான 'தி கேம்' ஆல்பத்தில் ஓபர்ஹைம் கம்பெனியின் சின்தசைசர் ஒன்று சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொண்டது. அறிவிப்பும் போயிற்று.

அந்த ஆல்பம் பதிவானது மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில். நடன இசையின் போக்கையே திருப்பிப் போட்ட 'ஐ ஃபீல் லவ்' பாட்டு மூன்று வருடங்களுக்கு முன்பு உருவானதும் இதே ஸ்டூடியோவில்தான்.

அந்தக் காலத்தில் ராக் ரசிகர்களுக்கும் டிஸ்கோ என்ற அந்த நடன இசைக்கும் ஏழாம் பொருத்தம். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து செய்த ரகளையில் இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோவை வளர்த்தவர்கள் கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தன்பாலீர்ப்பாளர்களும். அந்த வெறுப்புக்கு ரசனையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், அதே 1979-ல் பிளாண்டி, பிங்க் ஃபிளாய்ட் என்ற இரண்டு ராக் குழுக்கள் டிஸ்கோ தாளத்தில் பாடி பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தன.

ராக் குழுக்கள் நடன இசையிலிருந்து சின்தசைசரைக் கடன் வாங்கின என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சின்தசைசரின் ஒலி ராக் மேடைக்கு 1970 வாக்கிலேயே வந்துவிட்டது. வந்த பிறகும் ராக், ராக்காகவேதான் இருந்தது. அதை உள்ளிருந்து மாற்றியது நடன இசைக்காரர்கள் பயன்படுத்திய வேறொரு சாமான்: கடிகாரம். பாட்டின் காலப்பிரமாணத்தை டிரம்மரின் கையிலிருந்து எடுத்து ஒரு மின்சுற்றிடம் கொடுத்தபோதுதான் உண்மையான மாற்றம் நடந்தது. இது ஏன் என்று புரிய, சின்தசைசரின் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து 1964-ல் தன் முதல் சின்தசைசரை உருவாக்கினார். மின்சாரத்தால் ஒலி எழுப்பும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. மூக் செய்த பெரிய காரியம் எல்லாவற்றையும் மின்னழுத்தத்தின் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. ஆசிலேட்டர் என்ற சுற்று ஓர் அலையை உண்டாக்குகிறது. அதற்குக் கொடுக்கும் அழுத்தத்தில் ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். 110 ஹெர்ட்ஸில் ஒலித்தது 220 ஆகும். இன்னொரு வோல்ட் கொடுத்தால் 440. ஒரு ஸ்தாயிக்குள் 12 ஸ்வரஸ்தானங்கள் இருப்பதால், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 83 மில்லிவோல்ட். இவ்வளவு நுணுக்கமான கணக்கை 1960-களின் டிரான்சிஸ்டர்கள் காப்பாற்ற வேண்டும். டிரான்சிஸ்டருக்கோ சூடு ஆகாது. மேடை விளக்குகளின் வெப்பம் ஏறினால் சுருதியும் நகர்ந்துவிடும். பழைய சின்தசைசர்களோடு வாழ்ந்தவர்கள் எல்லோரிடமும் இதைப் பற்றி ஒரு புலம்பல் இருக்கும்.

ஆசிலேட்டரிலிருந்து வரும் ரம்பப்பல் வடிவ அலை காதுக்குக் கரகரப்பானது. அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று எல்லா மேல் அதிர்வெண்களும் அதில் இருக்கின்றன. ஃபில்டர் என்ற அடுத்த சுற்று, மேலே உள்ளவற்றை வேண்டிய அளவுக்கு வெட்டிவிடுகிறது. எங்கே வெட்டுவது என்பதையும் மின்னழுத்தம்தான் முடிவு செய்கிறது. வெட்டும் இடத்தை மெல்ல உயர்த்தினால், மூடியிருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டு வரும். இன்றைக்கும் நடன அரங்குகளில் கூட்டம் கூச்சல் போடும் கட்டம் பெரும்பாலும் வெட்டும் இடத்தை மாற்றும் ஒரு குமிழைத் திருப்புவதால் வருவது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஸ்வரம் என்பது ஒரு மின்னழுத்தம் என்று ஆகிவிட்டால், அந்த அழுத்தத்தை யார் கொடுத்தால் என்ன? கட்டையை அழுத்தும் விரலா, வேறொரு சுற்றா என்று ஆசிலேட்டருக்குத் தெரியாது. வரிசையாகச் சில குமிழ்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அழுத்தம், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவச் சொல்லும் சீரான மின்துடிப்பு. இதுதான் சீக்வென்சர். வாசிப்பவர் எழுந்து தேநீர் குடிக்கப் போனாலும் அது வாசித்துக்கொண்டே இருக்கும்.

ஆரம்பகால ராக் கலைஞர்கள் இந்த வசதியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் கீத் எமர்சன் 1970-ல் 'லக்கி மேன்' பாட்டின் முடிவில் மூக் சின்தசைசரில் வாசித்த தனி ஆவர்த்தனம் பெரும் புகழ் பெற்றது. ஆனால் அது விரலால் வாசித்தது. கித்தார் தனிக்குப் பதில் ஒரு புது ஒலி, அவ்வளவுதான். தி ஹூ குழுவின் 'பாபா ஓ'ரைலி' (1971) இன்னும் சுவாரசியமானது. தொடக்கத்தில் குமிழிகள் போல் எழும் ஒலியைப் பலரும் சின்தசைசர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது லோரி என்ற வீட்டு ஆர்கன். அழுத்திப் பிடித்த ஸ்வரத்தைத் தானாகவே திரும்பத் திரும்பத் தட்டும் வசதி அதில் இருந்தது. மேடையில் அந்தப் பகுதியை ஒலிநாடாவில் ஓட விட்டார்கள். நாடா யாருக்காகவும் காத்திருக்காதே! ராக் உலகிலேயே கட்டுக்கடங்காத டிரம்மர் என்று பெயர் வாங்கிய கீத் மூன், தலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நாடாவுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. வரப்போவதற்கு அது ஒரு முன்னோட்டம்.

பிங்க் ஃபிளாய்ட் 1973-ல் 'ஆன் தி ரன்' இசைத்துண்டுக்காக, சூட்கேசுக்குள் அடங்கும் ஒரு பிரிட்டிஷ் சின்தசைசரில் எட்டு ஸ்வரங்களை நிதானமாக வாசித்துப் பதிய வைத்து, பிறகு வேகத்தை ஏற்றிவிட்டார்கள். எந்த விரலாலும் தொடர முடியாத ஓட்டம் பிறந்தது. டெக்னோ என்ற மெஷின் நடன இசை பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன் செய்த டெக்னோ என்று இதைச் சொல்லலாம். ஆனால் ஆடத்தான் முடியாது, ஓடலாம்.

ஆட வைத்தவர் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர். அவரும் பீட் பெலாட்டும் டோனா சம்மரைப் பாட வைத்து 1977-ல் வெளியிட்ட 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் குரலையும் கிக் டிரம்மையும் தவிர ஏறக்குறைய எல்லாமே மூக்கின் பெரிய மாடுலர் சின்தசைசரிலிருந்து வந்தவை. அலமாரி அளவுள்ள அந்தக் கருவி வேறொரு இசையமைப்பாளருக்குச் சொந்தமானது. அதை இயக்கத் தெரிந்த ராபி வெடல் என்ற பொறியாளர்தான் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தார். பல தடங்கள் கொண்ட நாடாவில் ஒரு தடத்தில் வெறும் துடிப்பை மட்டும் பதிவு செய்தார்கள். அடுத்தடுத்துச் சேர்க்கும் ஒவ்வொரு ஒலிக்கும் அந்தத் துடிப்பே சீக்வென்சரை ஓட்டியது. அதனால் தனித்தனியாகப் பதிவான அத்தனை அடுக்குகளும் பிசிறில்லாமல் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. சுருதி அடிக்கடி நழுவியதால் துண்டு துண்டாகத்தான் பதிவு செய்ய முடிந்தது என்பது வேறு கதை. பேஸ் வரிசையை ஒரு காதிலும், கொஞ்சம் தாமதித்த அதன் எதிரொலியை மறு காதிலும் வைத்ததில், வாசித்ததைவிட இரண்டு மடங்கு வேகம் கேட்டது. அந்த மெஷினால் நல்ல கிக் டிரம் ஒலியை மட்டும் தர முடியவில்லை. அதற்குக் கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து காலால் மிதித்தார். மெஷின் யுகத்தைத் தொடங்கி வைத்த பாட்டின் அடித்துடிப்பு ஒரு மனிதக் கால்.

ராக் பக்கத்திலிருந்து முதலில் கை நீட்டியவர்களில் பிளாண்டி முக்கியமானது. நியூயார்க்கின் பங்க் கிளப்பில் வளர்ந்த குழு அது. 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' பாட்டை 1978-ல் பதிவு செய்தபோது, அந்த வருடம்தான் சந்தைக்கு வந்திருந்த ரோலண்ட் சிஆர்-78 என்ற தாளப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வரும் துடிப்பைச் சின்தசைசருக்குள் செலுத்தினார்கள். சின்தசைசர், பெட்டியின் தாளத்துக்கே மூச்சு விட்டது. டிரம்மர் கிளெம் பர்க் அந்தப் பெட்டியோடு ஒட்டி வாசிக்க வேண்டும். பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். பழைய பங்க் நண்பர்களோ விலைபோய்விட்டார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் கடிகாரத்தை ஓரத்தில் வைக்காமல் நடு வீட்டில் மாட்டியவர்கள் மான்செஸ்டர்காரர்கள். ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்துபோனார். மிஞ்சிய பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மாரிஸ் மூவரும், புதிதாகச் சேர்ந்த கில்லியன் கில்பர்ட்டும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். நியூயார்க் நடன அரங்குகளில் அவர்கள் கேட்ட இசை காதிலேயே நின்றுவிட்டது. 1983 மார்ச் 7 அன்று 'ப்ளூ மண்டே' வெளிவந்தது. நீளம் ஏழரை நிமிடம்; வெளியானது 12 அங்குல இசைத்தட்டில். பிரிட்டனில் அதிகம் விற்ற 12 அங்குலத் தட்டு இன்றுவரை அதுதான்.

அந்தப் பாட்டு எதனால் ஆனது என்று பிரித்துப் பார்த்தால் ஒரு மின்னணுப் பட்டறை தெரியும். டிரம் ஒலிகள் ஓபர்ஹைம் டி.எம்.எக்ஸ் என்ற டிரம் மெஷினிலிருந்து. உண்மையான டிரம் அடிகளை எண்களாக மாற்றிச் சில்லுகளில் அடைத்து வைத்த மெஷின் அது. பேஸ் ஒலி மூக் சோர்ஸ் என்ற சின்தசைசரிலிருந்து. பின்னணியில் வரும் கோரஸ் போன்ற ஒலி, கிராஃப்ட்வெர்க் குழுவின் 1975 ஆல்பத்திலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளர் (ஒலியைப் பதிந்துவைத்து வாசிக்கும் கருவி) எடுத்து வைத்துக்கொண்டது. எமுலேட்டரின் நினைவகம் 128 கிலோபைட். ஓர் ஒலிக்கு ஏறக்குறைய இரண்டு நொடிதான் இடம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அந்த ஒலிகளைச் சேமித்த நெகிழ்தகட்டைப் பார்த்துத்தான் வடிவமைப்பாளர் பீட்டர் சாவில், இசைத்தட்டின் உறையையே நெகிழ்தகடு போல, துளைகள் வெட்டி வடிவமைத்தார். பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் உறையில் எழுத்தாக இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்களாகச் சங்கேதத்தில் இருந்தன.

சீக்வென்சரை சம்னர் கடையில் முழுசாக வாங்கவில்லை. பவர்ட்ரான் கம்பெனி உதிரி பாகங்களாக விற்றதை வாங்கி, சாலிடரிங் அயர்னை வைத்துக்கொண்டு தானே பூட்டினார். இப்போது ஒரு சங்கடம். டிரம் மெஷினும் சீக்வென்சரும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வேண்டும். இரண்டும் வேறு வேறு கம்பெனிக்காரர்கள் செய்தவை. அந்நாளில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தாளத் தட்டுக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் துடிப்புகளை அனுப்பியது. ரோலண்ட் 24, கோர்க் 48, ஓபர்ஹைம் 96. ஒருவர் படிக்கணக்கில் அளந்துபோட, வாங்குபவர் கிலோக்கணக்கில் கேட்பது போன்ற நிலைமை. மான்செஸ்டரில் மின்னணுவியல் தெரிந்த ஒருவர் இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்க்கும் சுற்று ஒன்றைச் செய்து கொடுத்த பிறகுதான் வேலை ஓடியது.

ஸ்வரங்களை உள்ளிடும் பொறுப்பு கில்லியன் கில்பர்ட்டுடையது. திரை இல்லை, சுட்டி இல்லை. பாட்டு முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு ஸ்வரமாகக் கையால் ஊட்ட வேண்டும். ஏ4 தாள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஸ்டூடியோவின் நீளத்துக்கு விரித்து, அதில் வரிசையை எழுதி வைத்துக்கொண்டார். எங்கோ ஒரு ஸ்வரம் விட்டுப்போயிற்று. அதனால் மெட்டு தாளத்தோடு பொருந்தாமல் சற்றே நகர்ந்து நிற்கிறது. அதை அவர்கள் திருத்தவில்லை. டிரம் வரிசைக்கும் இப்படி ஒரு கதை உண்டு: நன்றாக அமைந்த முதல் வரிசை, டிரம்மர் மாரிஸின் கால் பட்டு மின்கம்பி கழன்றதில் அழிந்தே போயிற்று, இப்போது கேட்பது நினைவிலிருந்து மறுபடி செய்தது என்று பீட்டர் ஹுக் சொல்லியிருக்கிறார். மெஷின் இசை என்றாலே பிசிறற்றது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் மனத்தில் கொள்ளலாம்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 130 தட்டு. அப்படியென்றால் ஒரு தட்டுக்கு 460 மில்லிநொடி. அதைக் கால் பாகமாகப் பிரித்தால் 115 மில்லிநொடி. தொடக்கத்தில் நிதானமாக விழும் கிக் டிரம் அடிகள் திடீரென்று இந்தக் கால் பாக வேகத்தில் படபடவென்று பொழிகின்றன. ஒற்றை மிதிகட்டையில் ஒரு மனிதக் கால் இதை ஏழு நிமிடம் ஒரே அளவு அழுத்தத்தோடு செய்வது கடினம். மெஷினுக்கு இது பொருட்டே இல்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ரசிகர்கள் இன்னொரு பாட்டு கேட்பார்கள். குழுவுக்கு அதில் விருப்பமில்லை. பொத்தானை அழுத்திவிட்டு மேடையை விட்டுப் போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் இதைத் தொடங்கினோம் என்று குழுவினர் சொல்வதுண்டு. ஆனால் போகவில்லை. ஹுக் தன் பேஸ் கித்தாரை, பேஸ் வாசிக்க வேண்டிய இடத்தை விட்டு மேல் ஸ்தாயிக்கு ஏற்றி, ஒரு மெட்டாக வாசித்தார். கீழ்த்தளத்தை சின்தசைசர் எடுத்துக்கொண்டுவிட்டதால் அவருக்கு மேல்மாடி கிடைத்தது. பாட்டு உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம் என்பேன். கடிகாரம் துளியும் அசையாததால், அதன்மேல் ஒரு மனிதன் முன்னே பின்னே சாய்வது தெளிவாகக் கேட்கிறது.

இந்த முன்னே பின்னே சாய்வதை இயற்பியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹோல்கர் ஹென்னிக்கும் சக ஆய்வாளர்களும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கானாவைச் சேர்ந்த தொழில்முறை டிரம்மர் ஒருவரை மெட்ரோனோமோடு சேர்ந்து வாசிக்க வைத்து, ஒவ்வொரு அடியும் எத்தனை மில்லிநொடி தள்ளி விழுகிறது என்று கணக்கெடுத்தார்கள். தேர்ந்த கலைஞரிடமும் பத்து, இருபது மில்லிநொடி விலகல் இருக்கிறது. ஆனால் அது தாறுமாறான விலகல் இல்லை. இப்போது நேர்ந்த சிறு நழுவல், வெகுநேரம் கழித்து வரும் அடிகளையும் பாதிக்கிறது. விலகல்களுக்குள் நீண்டகாலத் தொடர்பு இருக்கிறது. மெஷின் இசையில் மனிதத்தன்மை சேர்ப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் அதுவரை குருட்டாம்போக்கில்தான் அடிகளை நகர்த்திக்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் இரண்டு வகையையும் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்களுக்குத் தொடர்புள்ள விலகல்தான் பிடித்திருந்தது. நம் காது பிழையை ரசிப்பதில்லை. பிழையில் இருக்கும் ஒழுங்கை ரசிக்கிறது.

கடிகாரம் ஏன் கிக் டிரம்மிலும் பேஸிலும் வந்து உட்கார்கிறது, ஏன் புல்லாங்குழலில் உட்காரவில்லை என்று கேட்கலாம். இதற்கும் விடை இருக்கிறது. மைக்கேல் ஹோவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கீழ் ஸ்வரத்தையும் ஒரு மேல் ஸ்வரத்தையும் ஒன்றாக ஒலிக்க விட்டு, எப்போதாவது இரண்டில் ஒன்றை 50 மில்லிநொடி முன்னதாக ஒலிக்க வைத்தார்கள். கீழ் ஸ்வரம் நேரம் தவறியபோதுதான் மூளை அதிகம் விழித்துக்கொண்டது. விரலால் தாளம் போடச் சொன்னபோதும் விரல் கீழ் ஸ்வரத்தின் பின்னால்தான் போனது. கணினி மாதிரியை வைத்துப் பார்த்ததில், இது உள்காதிலேயே தொடங்கும் பண்பு என்று தெரிந்தது. ஆக, காலத்தைச் சொல்லும் உரிமை கீழ் ஸ்வரத்துக்குக் கிடைத்தது வெறும் மரபால் அல்ல.

இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கென்றே கட்டிய ஓர் இசையரங்கு இருக்கிறது. அங்கே ஆர்ஃபெக்ஸ் என்ற மின்னணு இசை ஜோடியின் நிகழ்ச்சி நடந்தபோது, ரசிகர்களின் தலையில் அசைவை அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டார்கள். 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அதிர்வுகளைத் தரும் ஸ்பீக்கர்களை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லாமல் போட்டு அணைத்தார்கள். அவை இயங்கியபோது மக்களின் அசைவு 11.8 சதவீதம் கூடியது. பின்னர் செய்த சோதனையில், கேட்டவர்களால் அந்த அதிர்வு இருக்கிறதா இல்லையா என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. 2022-ல் வெளியான முடிவு இது. ஆடுவது தெரிகிறது, ஆட்டுவிப்பது தெரியவில்லை.

12 அங்குலத் தட்டு ஏன் என்பதும் இங்கே விளங்கும். இசைத்தட்டில் ஒலி என்பது ஊசி போகும் பள்ளத்தின் நெளிவு. ஒரே அளவு சத்தத்துக்குத் தாழ்ந்த அதிர்வெண்களின் நெளிவு மிக அகலமாக இருக்கும். அப்படியே விட்டால் ஒரு சுற்றின் பள்ளம் பக்கத்துச் சுற்றின் மேல் மோதும். அதனால் தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டி, ஆம்ப்ளிஃபயரில் மீண்டும் கூட்டிக்கொள்கிறார்கள். மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு இந்த ஏற்ற இறக்கம் சுமார் 20 டெசிபல். அப்படியும் நீளமான பாட்டு, நிறைய பேஸ், உரத்த சத்தம் மூன்றும் வேண்டுமென்றால் இடம் போதாது. சிறிய தட்டில் மூன்று நிமிட ராக் பாட்டு அடங்கிவிடும். நடனப் பாட்டுக்குப் பள்ளங்கள் தாராளமாக விலகி நிற்கும் பெரிய தட்டு தேவைப்பட்டது. நியூயார்க் டிஸ்கோ அரங்குகளுக்காக 1970-களின் நடுவில் டாம் மோல்டன் தொடங்கிவைத்த வழக்கம் அது. ராக் குழுக்கள் கடிகாரத்தோடு தட்டின் அளவையும் பாட்டின் நீளத்தையும் சேர்த்தே கடன் வாங்கின.

'ப்ளூ மண்டே' வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1983 ஜனவரியில், கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஒரு கம்பெனியின் சின்தசைசரை இன்னொரு கம்பெனியின் சின்தசைசரோடு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலித்தது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த மிடி என்ற பொது உடன்படிக்கை அது. நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு தட்டுக்கு 24 துடிப்பு என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு. நியூ ஆர்டர் தனிச்சுற்று செய்து தீர்த்த தலைவலி, ஐந்து முனைக் கம்பி ஒன்றில் தீர்ந்தது. அதன்பின் எந்த ராக் குழுவும் கடிகாரம் வாங்கலாம். வாங்கினார்கள்.

எல்லோருக்கும் அது ஒத்துக்கொள்ளவில்லை. யு2 குழு, 1997-ல் வெளியான 'பாப்' ஆல்பத்துக்கு நடன இசைக்காரர்களைக் கூட்டிவந்தபோது, டிரம்மர் லாரி மல்லன் முதுகு அறுவை சிகிச்சைக்காக விலகியிருந்தார். தாளச் சுழற்சிகளை முதலில் ஓட விட்டு, மனிதர்களைப் பின்னால் பொருத்தப் பார்த்தார்கள். சுற்றுப்பயணத் தேதி கழுத்தைப் பிடித்ததால் வேலை முழுமையாகவில்லை. சில பாட்டுகளைப் பிற்பாடு மறுபடி செய்து வெளியிட்டார்கள். பிரைமல் ஸ்க்ரீம் வேறு வழியில் போனது. தங்கள் பழைய பாட்டு ஒன்றை ஆண்ட்ரூ வெதரால் என்ற டிஜேயிடம் தூக்கிக் கொடுத்தார்கள். அவர் அதைக் கலைத்துப் போட்டு வேறொரு தாளச் சுழற்சியின் மேல் கட்டிய 'லோடட்' 1990-ல் வந்தது. அந்தப் பாதையில் உருவான 'ஸ்க்ரீமடெலிகா' ஆல்பம் முதல் மெர்க்குரி பரிசை 1992-ல் வாங்கியது. ரேடியோஹெட் 2000-ல் 'இடியோடெக்' பாட்டுக்கு எடுத்துக்கொண்ட நான்கே நான்கு ஸ்வரக்கூட்டுகள், பால் லான்ஸ்கி என்ற இசையமைப்பாளர் 1973-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐ.பி.எம் கணினியில் செய்த ஒரு படைப்பிலிருந்து வந்தவை. அதைக் கேட்டு ஆடலாம் என்று லான்ஸ்கி கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

இந்தக் கடன்களில் எது தேறியது, எது தேறவில்லை என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. கடிகாரத்தோடு மல்லுக்கு நிற்க ஒரு மனிதரையாவது குழு விட்டுவைத்ததா? பிளாண்டியில் கிளெம் பர்க், நியூ ஆர்டரில் பீட்டர் ஹுக். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் புது ஒலி இரண்டு வருடத்தில் பழசாகிப்போனது.

'ப்ளூ மண்டே' கேட்காதவர்கள் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்டவர்கள், நகர்ந்து நிற்கும் அந்த மெட்டைத் தேடி இன்னொருமுறை கேளுங்கள். கைப்பேசியின் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். இங்கே பேசிய அடித்தள அதிர்வுகள் அதில் வரவே வராது. நல்ல ஹெட்ஃபோன் போதும். நண்பர் யாரிடமாவது சப்வூஃபர் இருந்தால் இன்னும் நல்லது.